ஆங், கேக்குது

அவர் எதிரில் உட்கார்ந்து பேசிய யாரும் ‘கேக்குதா?’ என்ற கேள்வியிலிருந்து தப்பியதில்லை. நடுவில் ஒரு மேசை மட்டும் இருக்கும். மின்சாரம் போய் விசிறிகூட நின்றிருக்கும். அப்போதும் கேட்பார். நாம் சலிப்போடு ‘கேக்குது’ என்றால் திருப்தியாகத் தலையை ஆட்டுவார். அதற்குப் பிறகு நாம் என்ன சொன்னாலும் அவருக்கு ஒன்றுதான். குரல் வந்து சேர்கிறது என்பது உறுதியாகிவிட்டது. அத்தோடு அவர் பொறுப்பு முடிந்தது.

திருத்தணியில், அரக்கோணம் சாலையில், ஒரு பெயின்ட் கடை மாடியில் அவருக்கும் எனக்கும் அடுத்தடுத்த அறைகள். நான் அங்கிருந்து ஒரு நாளிதழுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். இரண்டு அறைகளுக்கும் நடுவே பிளைவுட் தடுப்பு. அவருடைய தொழில் தொடங்கியதும் நடந்ததும் முடிந்ததும் அந்தத் தடுப்பு வழியாகவே எனக்குத் தெரியவந்தன. இப்போது அவர் ஊரில் இல்லை. அந்த அறையில் யாரோ தையல் வகுப்பு நடத்துகிறார்கள்.

சென்னையில், கால் சென்டர்களுக்கு மென்பொருள் செய்யும் ஒரு நிறுவனத்தில் பல வருடம் வேலை பார்த்தவர். ஊரடங்கின்போது வீடு திரும்பினார். பிள்ளைகள் பிரவுசரில் பாடம் படித்து, பெரியவர்கள் பிரவுசரில் துக்கம் விசாரித்துக்கொண்டிருந்த காலம் அது. இனிமேல் யாரும் நேரில் போய்ப் பேசப்போவதில்லை என்று அவர் முடிவுசெய்துவிட்டார். ஊரடங்கு முடிந்து, எல்லாரும் மறுபடியும் பஸ் ஏறிப் போய் நேரில் பேச ஆரம்பித்த மாதத்தில் அலுவலகத்தைத் திறந்தார்.

ஊரில் பலர் அவரைக் கிறுக்கு என்றே சொல்லிவந்ததால் இதைச் சொல்லிவிட வேண்டும்: அவருடைய யோசனையில் தப்பில்லை. ஒரு கடையின் இணையப் பக்கத்தில் ஒரு பொத்தான். வாடிக்கையாளர் தன் போனில் அதை அழுத்தினால் கடையில் இருக்கும் கணினி மணியடிக்கும். முகம் பார்த்துப் பேசலாம். பொருளைக் காட்டலாம். அவ்வளவுதான்.

“போன்லயே வீடியோ கால் கீதே, அப்பால இது எதுக்கு?” என்று கேட்காதவர் இல்லை. அதற்கு அவரிடம் நல்ல பதில் இருந்தது.

“அது உங்க போனுங்க. நீங்க ஊருக்குப் போனா அதுவும் கூடவே பூடும். வர்ற கஸ்டமர் யாரைப் புடிப்பான்? இது கடையோட பொத்தான். கல்லாவுல யார் குந்தினாலும் மணி அடிக்கும். பொம்பளைங்க அவங்க நம்பரக் குடுக்கத் தேவையில்ல. ஆப் எறக்கத் தேவையில்ல. லிங்க்க அழுத்து, பேசு, மூடு.”

இதோடு நிறுத்தியிருந்தால் வியாபாரம் ஆகியிருக்கும். ஆனால் உடனே, “ஒரு டெமோ பாத்துடலாம்” என்பார். வந்தவர் கையில் டேப்லெட்டைக் கொடுத்து என் அறைக்கு அனுப்புவார். பிறகு தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பார். ஒருமுறை ஒரு கல்யாண மண்டபத்தின் மேலாளர் அப்படி என் மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

“கேக்குதா?”

“ஆங், கேக்குதுங்க. மாசத்துக்கு எவ்ளோ ஆவும்?”

“படம் தெரியுதா?”

“தெரியுதுங்க. மாசத்துக்கு எவ்ளோன்னு கேட்டேன்.”

“இப்ப கேமராவ மாத்தறேன். இப்ப?”

“இப்பவும் தெரியுதுங்க. எவ்ளோன்னு சொன்னா மொதலாளியாண்ட சொல்லுவேன்.”

“சூப்பர். கொஞ்சங்கூட லேட்டே இல்ல பாத்தீங்களா?”

மேலாளர் டேப்லெட்டை என் மேசைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “இவரு எப்பவும் இப்பிடித்தானா சார்?” என்றார். விலை தெரியாமலேயே படியிறங்கிப் போனார். பல் டாக்டர், லாட்ஜ்காரர், ஜாதகம் பார்ப்பவர் என்று அவரைப் போலவே போனவர்கள் நிறையப் பேர்.

ஆள் ஒல்லி. கழுத்தில் எந்நேரமும் ஹெட்போன் தொங்கும். நாம் பேசும்போது அவர் கண் நம் முகத்தில் இருக்காது. திரையின் ஓரத்தில், குரலுக்கு ஏற்ப ஏறி இறங்கும் ஒரு பச்சைக் கோட்டில் இருக்கும். கோடு துள்ளினால் அவர் முகமும் மலரும். நல்ல சேதி சொன்னாலும் துள்ளும், கெட்ட சேதி சொன்னாலும் துள்ளும்.

பெயர்ப் பலகையின் வாசகமும் அவருடையதுதான்: ‘இணையப் பேச்சுத் தீர்வகம்’. பெயின்டர் இடம் போதாமல் முதல் சொல்லைச் சின்னதாக ஓரத்தில் எழுதிவிட்டு மற்ற இரண்டையும் பெரிதாக எழுதியிருந்தார். பஸ்ஸில் போகிறவர் கண்ணுக்குப் ‘பேச்சுத் தீர்வகம்’ மட்டும்தான் தெரியும். திருவாலங்காடு பக்கத்திலிருந்து கரும்பு விவசாயி ஒருவர், வரப்புத் தகராறில் பேச்சு நின்றுபோன தம்பியையும் எப்படியோ இழுத்துக்கொண்டு மாடியேறி வந்துவிட்டார்.

“இங்க பேசித் தீத்து வெக்கிறீங்கன்னு போர்டு போட்டிருக்குதே?”

வேறு யாராக இருந்தாலும் விளக்கிச் சொல்லி அனுப்பியிருப்பார்கள். இவர் அண்ணனைத் தன் அறையிலும் தம்பியை என் அறையிலும் உட்கார வைத்து லிங்க்கை அழுத்திவிட்டார். திரையில் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் இருவரும் கத்த ஆரம்பித்தார்கள். வரப்பை வெட்டியது யார் என்பதில் தொடங்கிக் கல்யாணத்தில் யாருக்கு மரியாதை கொடுக்கவில்லை என்பதுவரை போனது. தடுப்பு அதிர்ந்தது. அவர் நடுவில் புகுந்து கெஞ்சினார்.

“ஒரே நேரத்துல ரெண்டு பேரும் பேசாதீங்க. எக்கோ அடிக்குது.”

“யோவ், இன்னாயா எக்கோ? எங்க நெலம் போவுதுன்றேன், நீ எக்கோன்ற!” என்றான் தம்பி.

“அதானே?” என்றார் அண்ணன்.

இறங்கிப் போகும்போது இருவரும் சேர்ந்து அவரைத் திட்டிக்கொண்டு போனார்கள். அந்த அளவில் தீர்வகம் வேலை செய்தது.

ஆடிக் கிருத்திகையன்று எங்கள் ஊரில் போன் வேலை செய்யாது. காவடியோடு மலையேற வருகிற கூட்டத்தில் ஆளுக்கு ஒரு போன். இது இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். மலேசியாவில் இருந்த ஒரு குடும்பத்துக்கு, தம்பி மகனுக்கு அடிவாரத்தில் மொட்டை போட்டுக் காது குத்துவதை நேரலையாகக் காட்ட அவர் ஒப்புக்கொண்டது அந்த நாளில்தான். குழந்தையின் தலையில் கத்தி வைத்த இடத்தில் படம் நின்றுவிட்டது. கத்தி அங்கேயே இருந்தது. குழந்தையின் வாய் திறந்தபடி இருந்தது. மலேசியாவில் பெரியப்பா பதறிப்போய்ச் சொந்தக்காரர் ஒவ்வொருவரையாகக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். யாருடைய போனும் போகவில்லை.

“மொத நாளு டெஸ்ட் பண்ணேன் சார். ஜம்முனு வந்திச்சி” என்றார் என்னிடம்.

முதல் நாள் கூட்டம் இல்லையே என்றேன்.

“ஆங்” என்றார்.

அந்த ‘ஆங்’ பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் ‘ஆமாம்’ என்று முழுதாகச் சொல்கிறவர்கள் குறைவு. ‘ஆங்’ போதும். குரலை இறக்கிச் சொன்னால் சரி என்று பொருள். ஏற்றிச் சொன்னால் ‘என்ன சொன்னீர்கள்?’ என்று பொருள். எழுதினால் இரண்டும் ஒன்றுதான், காதுக்கு வேறுவேறு. நகரி, புத்தூர் என்று எல்லையைத் தாண்டிப் போனால் அங்கே தெலுங்கு பேசுகிறவர்களிடமும் இதே வழக்கம். இங்கே பிறந்த யாரும் இரண்டையும் குழப்பிக்கொள்வதில்லை. அவருடைய ‘ஆங்’ மட்டும் ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது. நடுவில் நிற்கும். கேட்பவர் தனக்கு வசதியானதை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அவருடைய மனைவி தனியார் பள்ளியில் ஆசிரியை. வீடு நடந்தது அந்த அம்மாளின் சம்பளத்தில். ஒருமுறை பள்ளிப்பட்டில் அம்மா வீட்டிலிருந்து அவர் அதே லிங்க்கில் பேசினார். ஸ்பீக்கரில் வந்ததால் எனக்கும் கேட்டது.

“ஏங்க, அம்மா பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க. கை ஒடஞ்சிடுச்சி. நான் ஒரு வாரம் இங்கதான் இருக்கணும்.”

“ஆங், கேக்குது. அங்கிருந்தே இவ்ளோ கிளியரா வருது பாரேன். எங்க, கொல்லப் பக்கம் போய்ப் பேசு.”

அந்த அம்மாள் நிஜமாகவே கொல்லைப் பக்கம் போனார் என்பதுதான் எனக்கு வியப்பு.

“கொல்லப் பக்கம் வந்துட்டேன். அம்மாவுக்குக் கை ஒடஞ்சிடுச்சி.”

“சூப்பர்” என்றார் அவர்.

ஊர் திரும்பியதும் மாடிப்படியில் என்னைப் பார்த்து அந்த அம்மாள் சொன்னார்: “அவருக்குக் காதுல விழுந்தா போதும் சார். மண்டையில விழ வாணாம்.” சிரிக்கவில்லை.

எங்கள் மாடிக்கு நாலு கடை தள்ளி மோட்டார் சைக்கிள் பட்டறை. அதை நடத்துபவரை ஊரே பாய் என்றுதான் கூப்பிடும். வண்டி வழியில் நின்றுபோனால், ஓட்டுகிறவர் லிங்க்கை அழுத்தி எஞ்சின் ஓசையைக் கேட்க வைக்கலாம். என்ன கோளாறு என்று பாய் இங்கிருந்தே சொல்லிவிடலாம். இது அவருடைய திட்டம். பாயும் சரி என்றார். முதல் வண்டி பள்ளிப்பட்டு சாலையில் நின்றது. பாய் எங்கள் மாடிக்கு வந்து திரை முன்னால் உட்கார்ந்தார்.

“ஸ்டார்ட் பண்ணுப்பா.”

“பண்ணிட்டேன் பாய். ஓடிகினு கீது” என்றது அந்தப் பக்கத்துக் குரல்.

“பொகை தெரியுது. சத்தம் எங்க?”

அவர் பெருமையோடு குனிந்து சொன்னார்: “அதான் பாய் நம்ம ஸ்பெஷல். பின்னாடி வர்ற எரைச்சல மொத்தமா வடிகட்டிடும். ஆளு குரல் மட்டும் வரும்.”

“நைனா, ஆள வெச்சிகினு நான் இன்னா பண்றது? எனக்கு எரைச்சல்தான் வேணும்.”

“ஆங்” என்றார்.

அடுத்த வாரம் வடிகட்டியை இன்னும் ஒரு படி ஏற்றிவைத்தார்.

இந்த நிலையில்தான், கார்த்திகை மாதத்தில், அம்மையார்குப்பத்திலிருந்து சுகுணா வந்தார். கணவனும் மனைவியுமாக வீட்டிலேயே விசைத்தறி போட்டுப் பருத்திச் சேலை நெய்கிறவர்கள். வழக்கமாகச் சரக்கு வாங்கிவந்த வியாபாரி வாங்குவதை நிறுத்திவிட்டார்.

“பொங்கலுக்குள்ள ஒரு நெரந்தரமான பார்ட்டி கெடைக்கலன்னா தறிய நிறுத்திட வேண்டியதுதாங்கண்ணா. எங்க ஊட்டுக்காரரு கம்பெனி பஸ்சுக்குப் பேர் குடுத்துட்டாரு. அவரு பூட்டா நான் ஒண்டியா இன்னா பண்ணுவேன்?”

கம்பெனி பஸ் என்பது ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப் போவது. விடிவதற்கு முன்னால் வரும். அதில் ஏறத் தொடங்கியவர்களின் தறிகள் எடைக்குப் போவதை அந்த ஊர் நிறையப் பார்த்திருக்கிறது.

நெல்லூரில் ஒரு துணிக்கடைக்காரர் சேலையைப் பார்க்கத் தயாராக இருந்தார். ஆனால் அவ்வளவு தூரம் வரமாட்டார். வீட்டில் இருந்த ஒரே போன் நம்பரை முன்பின் தெரியாதவருக்குக் கொடுக்க சுகுணாவுக்கு விருப்பமில்லை. நம்மவர் இத்தனை நாள் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்த காரணங்கள் எல்லாம் அப்படியே பொருந்திய முதல் ஆள் சுகுணா. முதல் வாடிக்கையாளரும் அவர்தான்.

“தறிச் சத்தம் பிராணன வாங்குங்கண்ணா. பேசும்போது நிறுத்திடட்டுமா?” என்று கேட்டார் சுகுணா.

“நிறுத்தவே வாணாம்மா. அதான் நம்ம ஸ்பெஷல். தறி பாட்டுக்கு ஓடட்டும், நீ பாட்டுக்குப் பேசு.”

பாயின் எஞ்சின் எனக்கு நினைவுக்கு வந்தது. அவருக்கு வரவில்லை.

சுகுணா வீட்டுப் போனிலிருந்து லிங்க்கில் பேசினார்; நம்மவரும் தன் கணினியில் அந்த அழைப்பில் சேர்ந்திருந்தார். கவனிக்க, என்றார். நெல்லூர்க்காரர் தெலுங்கில் பேசினார். சுகுணாவுக்கு இரண்டு மொழியும் ஒன்றுதான். நெல்லூர்க்காரர் சொன்னதன் சாரம் இது: சேலை பிடித்திருக்கிறது. உடல் இதே மாம்பழ நிறத்தில் இருக்கட்டும். கரை மட்டும் அரக்கு வேண்டாம், பச்சையில் வேண்டும். முடியுமா?

“ஆங்” என்று சுகுணாவின் குரல் வந்தது.

நல்லது, சங்கராந்திக்கு முன்னால் மூட்டை வந்துவிட வேண்டும், என்றார் நெல்லூர்க்காரர்.

“ஆங்” என்று மறுபடியும் வந்தது.

“ஒரு பிசிறு இல்ல சார்” என்று தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து எனக்குச் சொன்னார். “நடுவூட்டுல தறி ஓடுது. நெல்லூர்க்காரருக்கு அது தெரியவே தெரியாது.”

உண்மைதான். வடிகட்டி நெல்லூர்க்காரர் காதுக்குத் தறிச் சத்தம் போகாமல் பார்த்துக்கொண்டது. தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சுகுணாவின் காதுக்கு அது எதுவும் செய்யவில்லை. பச்சை என்ற சொல் தறிச் சத்தத்தில் போய்விட்டது. சுகுணா முதலில் சொன்னது ‘ஆங்?’ என்ற ஏற்றம். என்ன சொன்னீர்கள் என்ற கேள்வி. இரண்டாவது ‘ஆங்’தான் சம்மதம். நெல்லூரில் இரண்டும் ஒரே மாதிரி கேட்டன. இது எங்களுக்குத் தெரியவந்தது பொங்கலுக்குச் சில நாள் முன்னால், மூட்டை நெல்லூர் போய்ச் சேர்ந்த பிறகு.

அன்று காலை நெல்லூர்க்காரர் லிங்க்கில் சுகுணாவைக் கூப்பிட்டு, பச்சைக் கரை கேட்டதற்கு அரக்குக் கரை வந்திருக்கிறது, நாளைக்கு லாரியில் திருப்பி ஏற்றிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டார். ‘முடியுமா என்று கேட்டேன், ஆங் என்று சொன்னாய், இப்படி ஏமாற்றுவாய் என்று நினைக்கவில்லை’ என்றும் சொல்லியிருக்கிறார். சுகுணா பஸ் பிடித்து நேராக மாடிக்கு வந்தார். தடுப்புக்கு இந்தப் பக்கம் இருக்க முடியாமல் நானும் எழுந்து போனேன்.

“அண்ணா, பச்சைன்னு அவரு எப்ப சொன்னாரு?”

“மொத கால்லயே சொன்னாரேம்மா. கிளியரா வந்திச்சே.”

“உனக்குக் கேட்டிச்சா?” கோபத்தில் ‘நீங்க’ போய்விட்டது.

“நல்லா கேட்டிச்சி.”

“மூட்ட கட்றதுக்கு முன்னாடி ஒரு சேலைய எடுத்தாந்து இதே மேசை மேல விரிச்சிக் காட்டிட்டுப் போனேனே. கரை அரக்குல இருந்திச்சே. பாத்தியா இல்லியா?”

“பாத்தேன். கேமராவுல காட்டச் சொன்னேனே. கலர் அப்படியே வந்திச்சி.”

சுகுணா என்னைப் பார்த்தார். பச்சை என்பதை நம்மவர் கேட்டிருக்கிறார். அரக்கைப் பார்த்திருக்கிறார். இரண்டும் கச்சிதமாக வந்து சேர்ந்திருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

“நான் ‘ஆங்?’னு கேட்டேன். இன்னா சொல்றீங்கன்னு கேட்டேன்.”

“ஆங்னுதானேம்மா வந்திச்சி.”

“எப்பிடி வந்திச்சி? ஏறி வந்திச்சா, எறங்கி வந்திச்சா?”

குரலைப் பற்றி அவரிடம் ஒருவர் கேட்டு, அவருக்கு விடை தெரியாமல் போனதை அன்றுதான் பார்த்தேன். பச்சைக் கோடு ஏற்றத்தையும் இறக்கத்தையும் காட்டுவதில்லை. சத்தத்தைக் காட்டும். அவ்வளவுதான்.

“டெஸ்ட் பண்ணிடலாம்” என்றார்.

சுகுணா டேப்லெட்டை எடுத்துக்கொண்டு என் அறைக்குள் போனார். சோதனைக்கென்று அலுவலகத்தில் முன்பே பதிவுசெய்து வைத்திருந்த தறிச் சத்தத்தை ஸ்பீக்கரில் போட்டு சுகுணாவுக்குப் பக்கத்தில் வைத்தோம். சத்தம் கேட்டுப் படியேறி வந்த பாய், இரண்டு அறைக்கும் நடுவே வாசலில் நின்றுகொண்டார். சுகுணா சொல்வது பாய் காதில் நேராக விழும். நம்மவர் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டார். சுகுணா ‘ஆங்’ என்று மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டும். அவர் ஏற்றமா இறக்கமா என்று கண்டுபிடிக்க வேண்டும்.

“எறக்கம்” என்றார் அவர்.

“ஏத்தம், நைனா” என்றார் பாய்.

“எறக்கம்.”

“ஏத்தம்.”

“இது நிச்சயமா எறக்கம்.”

“அடப் போய்யா! காதுல குத்தற மாதிரி கேக்குது அந்தப் பொண்ணு, எறக்கமாம்.”

சுகுணா எப்படிச் சொன்னாலும் அவருக்கு இறக்கமாகவே வந்தது. கடைசியில் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார். முகத்தில் வருத்தம் இல்லை. விடை கிடைத்த மகிழ்ச்சி.

“வடிகட்டி வார்த்தையோட வால வெட்டிடுது சார். ஏத்தம் வால்லதான் கீது.”

“வால வெட்டிச்சா, என் கழுத்த வெட்டிச்சா?” என்று என் அறையிலிருந்து சுகுணாவின் குரல் வந்தது. அதுவும் அவருக்கு நன்றாகக் கேட்டிருக்கும்.

சுகுணா வெளியே வந்து, “பாய், உங்க போனக் கொஞ்சம் குடுங்க” என்றார். சாதாரண போன். நெல்லூருக்குப் போட்டார். நடந்ததைத் தெலுங்கில் சொன்னார். அந்தப் பக்கம் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. உடனே சுகுணா போனை வாய்க்கு நெருக்கமாக வைத்து, ‘ஆங்’ என்று ஒருமுறையும் ‘ஆங்?’ என்று ஒருமுறையும் சொன்னார். இதில் எதை அன்றைக்கு நீங்கள் கேட்டீர்கள், என்றார். நாங்கள் மூவரும் போனையே பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு ஒரு பெரிய சிரிப்பு வெளியே வந்தது. தன் மனைவிக்கும் தனக்கும் வீட்டில் பாதிச் சண்டை இந்த ஒரு சொல்லில்தான் என்றார் நெல்லூர்க்காரர். அரக்கு இருக்கட்டும், பண்டிகைக்கு விற்றுப் பார்க்கிறேன். அடுத்த மூட்டை பச்சை. இனிமேல் தறியை நிறுத்திவிட்டுப் பேசம்மா, என்றார்.

“தறிய நிறுத்திட்டு” என்று சுகுணா நம்மவரைப் பார்த்துத் தமிழில் ஒருமுறை சொன்னார்.

“ஆங்” என்றார் அவர்.

அதற்குப் பிறகு பல வாரங்கள் தடுப்புக்கு அந்தப் பக்கம் தறிச் சத்தமும், அதன் நடுவே ‘ஆங்’, ‘ஆங்?’ என்ற அவருடைய சொந்தக் குரலும்தான். தறியை நிறுத்தினால் பத்து நிமிடத்தில் முடிகிற வேலை இது என்று நான் சொல்லிப் பார்த்தேன். பாயும் சொன்னார். மனைவி எங்களுக்கெல்லாம் முன்னாலேயே சொல்லியிருப்பார். எரைச்சல் போக வேண்டும், வால் நிற்க வேண்டும், இதைச் செய்துவிட்டால் எவனும் நம்மை அசைக்க முடியாது என்றார் நம்மவர். எங்கள் மூவருக்கும் அதே விடைதான்.

தை பிறந்து, மாசியும் வந்துவிட்டது. ஒரு நாள் பிற்பகல், “சார், சீக்கிரம் வாங்க, வந்து கேளுங்க” என்று தடுப்பைத் தட்டினார். திரையில் சுகுணா. தலையில் நம்மவர் கொடுத்தனுப்பிய ஹெட்போன். பின்னால் தறி ஓடிக்கொண்டிருந்தது. ஓடுவது தெரிந்ததே தவிரத் துளிச் சத்தம் இல்லை. தறிக்குப் பக்கத்தில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒருவர் அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தார். கணவர். கம்பெனி பஸ் ஏறிப் போகிறவர் அந்த நேரத்தில் வீட்டில் இருக்க முடியாது.

“பச்சை மூட்ட போயிடுச்சிங்கண்ணா. இன்னும் ரெண்டு கலர் கேட்டிருக்காரு. எங்க ஊட்டுக்காரரு பஸ்சுக்குப் பேர் குடுத்தத வாணாம்னு சொல்லிட்டாரு.”

“ஆங், கேக்குது” என்றார். கண் பச்சைக் கோட்டில் இருந்தது.

“இன்னொண்ணு சொல்லணும். நெல்லூர்க்காரரு சம்சாரமே எங்ககிட்ட நேரா பேசறாங்க இப்ப. நம்பர் வாங்கிக் குடுத்துகினோம். இனிமே போன்லயே பேசிக்கிறோம். உங்க லிங்க்கு வாணாங்கண்ணா. தப்பா நெனச்சிக்காதீங்க.”

நான் அவருடைய ‘ஆங், கேக்குது’வுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. அவர் கண் கோட்டை விட்டு நகர்ந்து திரையின் நடுவுக்கு வந்தது. சுகுணாவின் முகத்தைப் பார்த்தார்.

“அதாவது, இனிமே நம்ம லிங்க்கே வாணாம்ன்ற.”

அடுத்தவர் சொன்னதை அவர் திருப்பிச் சொல்லி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

“ஆங்” என்றார் சுகுணா.

குரல் கீழே இறங்கி, முழுதாக இறங்கி, நின்றது. பின்னால் தறி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ‘ஆங்’கைக் கேள்வி என்று யாரும் எடுத்துக்கொள்ள வழியில்லை.

திரை அணைந்தது. அந்த அலுவலகத்துக்கு இருந்த ஒரே வாடிக்கையாளர் போய்விட்டார். என்ன சொல்லித் தேற்றுவது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் நாற்காலியைச் சுழற்றி என் பக்கம் திரும்பினார். முகம் மலர்ந்திருந்தது.

“பாத்தீங்களா சார்? தறி ஓடிகினு கீது, எறக்கம் முழுசா வந்திச்சி. உங்களுக்கும் கேட்டிச்சில்ல?”

கேட்டது என்றேன்.